பூட்டிய கடைக்கு அரசு தந்த கைமாற்று

நம் கல்லூரியின் பழைய மாணவர் பற்றிப் பேசுமிடத்து வைத்தியர், எந்திரியர், நியாயவாதிகள், ஆசிரியர் என்று பெயர்களை அடுக்குதல் வழக்கம். கடை வைத்தவர்களை நாம் நினைப்பதோ பெரும்பாலும் கட்டிட நிதிக்குப் பட்டியல் எழுதும் போதுதான். 1983ஆம் ஆண்டின் பின்னர்க் கனடா சென்ற நம்மவருட் பலர், கற்ற கல்விக்கேற்ற உத்தியோகம் அங்கே கிட்டாமையாற் சிறு வாணிபத்திற் புகுந்தனர். ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் புறமாகிய ஸ்காபரோவிற் பலசரக்குக் கடை, சேலைக் கடை, நகைக் கடை, தையற்கடை, உணவுச்சாலை, முடிதிருத்தகம் என அவர்கள் நடத்துவன பல. அவற்றுட் சிலவற்றுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது எமது தொழில். ஆதலின், 2020ஆம் ஆண்டு பரவிய கொள்ளைநோய்க் காலத்திற் கனடிய அரசு சிறு வணிகர்க்கு அளித்த உதவிகள் எவரை எவ்வாறு சென்றடைந்தன, எவ்விடத்தில் அடையாது நின்றன என்பதை அருகிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஒன்ராறியோ மாகாணம் 2020 மார்ச் 17ஆம் திகதி அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தது. அதே மாதம் 24ஆம் திகதி நள்ளிரவோடு, இன்றியமையாதன என்று பட்டியலிடப்பட்டவை தவிர்ந்த ஏனைய வாணிபங்கள் யாவும் கதவடைக்க நேர்ந்தது. அரிசியும் பருப்பும் விற்போர் திறந்திருந்தனர். சேலை விற்போர்க்கும் மணமண்டபம் நடத்துவோர்க்கும் அது பேரிடி. பனி விலகியபின் வரும் சில மாதங்களே அங்கு நம்மவரின் கலியாணக் காலம். அவ்வாண்டு அக்காலம் கலியாணமின்றியே கழிந்தது. முடிதிருத்துவோர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. ரொறன்ரோவில் அவர்கள் முதலில் மூன்று மாதம் பூட்டியிருந்தனர். பின்னர் 2020 நவம்பர் 23 முதல் 2021 ஜூன் 30 வரை ஏழு மாதங்களுக்கு மேல் மறுபடியும் பூட்டியிருந்தனர். உணவுச்சாலைகளின் உள்ளே அமர்ந்து உண்பதற்கு 2020 ஒக்டோபர் 10 தொட்டு மறு ஆண்டு ஜூலை நடுப்பகுதி வரை தடையிருந்தது. இக்காலம் முழுவதும் வாடகை மாத்திரம் மாதந்தோறும் முதலாந் திகதி தவறாது வந்துகொண்டிருந்தது.

ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு விரைந்து செயற்பட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளல் வேண்டும். வேலையிழந்தோர்க்கு நான்கு வாரத்துக்கு 2,000 டொலர் வழங்கிய உதவி ஏப்பிரல் தொடக்கத்திலேயே கைக்கு வந்தது. விண்ணப்பித்தோரிற் பலர்க்குச் சில நாட்களிற் பணம் வங்கியில் விழுந்தது. தொழிலாளரை நீக்காது வைத்திருக்கும் முதலாளிமார்க்குச் சம்பளத்தில் 75 வீதத்தை, ஒருவர்க்கு வாரம் 847 டொலர் என்னும் வரம்புக்குட்பட்டு, அரசே ஈந்தது. இச்சம்பள உதவிக்கான சட்டம் ஏப்பிரல் 11ஆம் திகதி நிறைவேறி, 27ஆம் திகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மூன்றாவதாக வந்தது, வங்கிகளின் மூலம் வட்டியின்றி 40,000 டொலர் வரை கொடுத்த அவசரக் கடன். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டிச் ‘சீபா’ என்று எல்லோரும் வழங்கினர். குறித்த நாளுக்குள் 30,000ஐத் திருப்பிக் கொடுத்தால் எஞ்சிய 10,000 தள்ளுபடி என்பது அதன் நிபந்தனை. அவ்வாண்டு டிசெம்பரில் மேலும் 20,000 டொலர் சேர்க்கப்பட்டுக் கடன் 60,000 ஆகவும் தள்ளுபடி 20,000 ஆகவும் உயர்ந்தன. நம்மூரில் வட்டியின்றி, நாள் குறித்து, முகத்துக்காகக் கொடுக்கும் கடனைக் கைமாற்று என்போம். சீபாவும் ஒரு கைமாற்றே. ஏறத்தாழ 9 இலட்சம் வணிகர்க்கு 4,900 கோடி டொலர் அவ்வாறு கொடுக்கப்பட்டது.

ஆயின் அரசுக்கு முகந் தெரியாது. தாள் ஒன்றுதான் தெரியும். இவ்விடத்திற்றான் சிறியாருட் சிறியார் இடறினர்.

நாமறிந்த தையற்கடை ஒன்றைச் சொல்வோம். கணவனும் மனைவியுமாக இருவர் நடத்தியது. மணப்பெண்ணின் இரவிக்கை தைப்பதிற் கைதேர்ந்தவர் அவ்வம்மையார். கடைத்தொகுதி ஒன்றில் மாதம் 3,600 டொலர் வாடகை. சம்பளத்துக்கு ஆள் இல்லை; கலியாண நெருக்கத்தில் மகளும் மைத்துனியும் வந்து பொத்தான் தைத்துக் கொடுப்பர். வரவு செலவு யாவும் கணவரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே நடந்தன. விற்பனை வரி ஒழுங்காகக் கட்டப்பட்டது. வருமான வரிப் பத்திரமும் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்பட்டது. ஒளித்ததென்று ஒரு சதமும் இல்லை. ஆயினும் 2020 ஏப்பிரலில் இக்கடை சீபாக் கடனுக்குத் தகுதியற்றதாயிற்று. முந்திய ஆண்டிற் குறைந்தது 50,000 டொலர் சம்பளங் கொடுத்திருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. அவ்வெல்லை சில நாட்களில் 20,000 ஆகத் தாழ்த்தப்பட்டது. சம்பளமே கொடாதவர்க்கு அதனால் யாது பயன்? தமக்குத் தாமே முதலாளியாய் இருப்பவர் சம்பளப் பட்டியல் வைப்பதில்லை என்பது ஒட்டாவாவில் உள்ளோர்க்குத் தெரியாத செய்தியன்று. அவசரத்தில் நினைவுக்கு வராத செய்தி போலும்.

மே மாதம் 19ஆம் திகதி அரசு இக்குறையைத் தீர்ப்பதாக அறிவித்தது. சம்பளம் இல்லையாயினும், வாடகை, காப்புறுதி, மின்சாரம் போன்ற ஒத்திப்போட முடியாத செலவுகள் ஆண்டுக்கு 40,000 டொலருக்கு மேற்பட்டிருந்தாற் போதும் என்றது. விண்ணப்பம் ஏற்கத் தொடங்கியது ஜூன் இறுதியில். நம் தையற்காரர் வாடகை ஒப்பந்தத்தையும் மின்கட்டணச் சீட்டுக்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அப்போது அடுத்த கதவு சாத்தப்பட்டது: வங்கியில் வணிகத்துக்கென்று தனிக் கணக்கு இருத்தல் வேண்டும்! சொந்தக் கணக்கில் வாணிபம் நடத்தியோர்க்கு வழி திறந்தது ஒக்டோபர் 26ஆம் திகதி. கடைகள் பூட்டப்பட்டு அப்போது ஏழு மாதங்கள் சென்றிருந்தன. அவர்க்குப் பணங் கிடைத்தது டிசெம்பரில்.

சம்பள உதவியிலும் இத்தகையதொரு நுட்பம் இருந்தது. உணவுச்சாலை ஒன்றில் நான்கு சமையற்காரர்க்கு வாரம் 600 டொலர் வீதம் சம்பளம் என்றால், ஒவ்வொருவர்க்கும் 450ஐ அரசு கொடுத்தது. அவ்வுதவி பல அடுப்புக்களை அணையாமற் காத்தது என்று நாம் கண்ணாற் கண்டு சொல்லுவோம். ஆனால் முதலாளியின் மனைவியோ மகனோ வேலையாளாயின், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் நடுவரை அவர் பெற்ற சம்பளமே அளவுகோல். அதற்கு முன் சம்பளமின்றி உழைத்தவர்க்கு நோய் வந்தபின் சம்பளம் எழுதினால் உதவி இல்லை. கள்ளக் கணக்கைத் தடுக்க வந்த விதி இது, நியாயமானதே. எனினும், சம்பளமின்றி உழைத்த மனைவியின் உழைப்புக்கு இது கொடுத்த விலை பூச்சியம். சம்பளமாக எடாது பங்கிலாபமாக எடுத்த கம்பனிச் சொந்தக்காரர்க்கும் இதே கதி. அவ்வாறு எடுப்பது சட்டத்துக்கு அமைந்தது, ஓய்வூதியத் திட்டத்துக்குக் கட்டும் பணம் மிச்சம் என்று அவர்க்குச் சொல்லிக்கொடுத்தோர் கணக்காளரே. அந்தச் சிக்கனம் இப்படியொரு நாளில் வந்து குறுக்கே நிற்கும் என்று எவர் எண்ணினார்?

வீட்டுச் சாப்பாட்டுக்குத் தட்டில்லை. முந்திய ஆண்டில் 5,000 டொலராவது உழைத்திருந்த கணவன் மனைவி இருவர்க்கும் தனித்தனி 2,000 வந்தது. இதிலும் 5,000 என்பது செலவு நீக்கிய இலாபமா, நீக்காத மொத்த வரவா என்ற வினாவுக்கு ஆண்டிறுதி வரை தெளிவான விடை சொல்லப்படவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிவரலாம் என்று வருவாய் முகவரகத்திலிருந்து கடிதம் வந்தபோது எம்மிடம் ஓடிவந்தோர் பலர். நேர்மையாக மொத்த வரவைக் கொண்டு விண்ணப்பித்த சுயதொழிலாளர் திருப்பத் தேவையில்லை என்று 2021 பெப்ரவரியில் அரசு அறிவித்தபின்னரே அவர்கள் உறங்கினர்.

இனி வாடகையைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். எமது மதிப்பில் அரசு செய்தவற்றுள் மிகவும் பிழைத்தது இதுவே. 2020 ஏப்பிரல் முதல் செப்டெம்பர் வரை நடந்த முதலாவது வாடகை உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியவர் குடியிருக்கும் வணிகர் அல்லர்; கட்டிடத்தின் சொந்தக்காரர். வாடகையில் அரைவாசியை அரசு கொடுக்கும். காற்பங்கை வணிகர் கொடுப்பார். எஞ்சிய காற்பங்கைச் சொந்தக்காரர் இழக்க உடன்படல் வேண்டும். நம் தையற்கடையின் 3,600 டொலரில் 1,800 அரசினுடையது, 900 கடைக்காரருடையது, 900 சொந்தக்காரர் விட்டுக்கொடுப்பது. கடதாசியிற் பார்க்கும்போது அழகான பங்கீடு. ஆனால் வாடகைக்காரரிடம் முழுப் பணத்தையும் ஒப்பந்தப்படி கேட்க உரிமையுடைய ஒருவர், தாமே விண்ணப்பம் நிரப்பி, தாமே 900 டொலர் இழக்க ஏன் முன்வரல் வேண்டும்? மனமுவந்து உடன்பட்டோரும் இருந்தனர், அவர்களை வாழ்த்துகின்றோம். தையற்கடையின் சொந்தக்காரர் உடன்படவில்லை. கடிதம் எழுதினோம், விடை வரவில்லை. மேலும், வருமானம் 70 வீதமாவது வீழ்ந்திருந்தாலன்றி அத்திட்டத்திற் சேர முடியாது. வியாபாரம் அரைவாசியாய்க் குறைந்த நகைக்கடைக்காரர்க்கு ஒன்றும் இல்லை. அரைவாசி வருமானத்தோடு முழு வாடகை கட்டுவதென்பது, மெல்ல மெல்ல மூழ்குவதற்கு வேறு பெயர்.

அந்த ஆறு மாத வாடகையாகிய 21,600 டொலரைத் தையற்காரர் சீட்டெடுத்தும் உறவினரிடம் மாறியுங் கட்டினார். செப்டெம்பர் 27ஆம் திகதியிலிருந்து அரசு பழைய திட்டத்தைக் கைவிட்டு, உதவியை நேரே வாடகைக்காரர்க்கே கொடுத்தது. வருமான வீழ்ச்சிக்கேற்ப 65 வீதம் வரையும், அரசாணையாற் பூட்டப்பட்ட காலத்தில் மேலும் 25 வீதமும் கிடைத்தன. இது நல்ல திட்டம்; 2021 ஒக்டோபர் 23 வரை நடந்தது. முதலிலேயே இவ்வாறு செய்திருக்கலாகாதா என்று கேட்டால், வாடகை மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மத்திய அரசு நேரே தலையிட முடியாது என்று அப்போது நியாயம் சொல்லப்பட்டது. ஆறு மாதத்தின்பின் முடிந்தது முதலில் முடியாமற்போனது எங்ஙனம் என்பது எமக்கு விளங்கவில்லை.

இவ்வளவு கூறியபின், தாளைச் சோதியாது பணத்தை வாரியிறைத்தது தவறு என்போர்க்கும் விடை சொல்லுதல் வேண்டும். கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் கரன் ஹோகன் 2022 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கையில், தகுதியற்ற தனியார்க்கு 460 கோடி டொலர் சென்றதென்றும், மேலும் 2,740 கோடி டொலரையாவது விசாரித்தல் வேண்டுமென்றுங் கூறினார். 2024 டிசெம்பரில் வந்த அறிக்கை, சீபாக் கடனில் 350 கோடி டொலர் தகுதியற்றோர்க்குச் சென்றது என்றது. பெருந்தொகைதான். ஆயினும் அதே அறிக்கையின்படி, பெற்றோரிற் பத்துக்கு ஒன்பது பேர் தகுதியுடையோரே. முதலிற் கொடுத்துப் பின்னர்ச் சோதிப்பது என்ற முடிவு அவ்வேளைக்கு ஏற்றதே என்பது எம் கருத்து. பொய்யர் சிலர் விரைவில் உட்புகுந்தனர் என்பதிலும் பார்க்க, மெய்யர் பலர் வெளியே நின்றனர் என்பதே எம்மை வருத்துவது. பொய்யர்க்குத் தாள் எழுதத் தெரியும் அன்றோ?

பணம் வாங்கிய கதை இவ்வளவே. திருப்பிக் கொடுத்த கதை இன்னும் கடியது. முதலில் 2022 டிசெம்பர் 31 என்றிருந்த நாள், பின்னர் 2023 டிசெம்பர் 31 ஆகி, ஈற்றில் 2024 ஜனவரி 18 ஆயிற்று. 60,000 டொலர் பெற்றவர் அந்நாளுக்குள் 40,000ஐக் கட்டினால் 20,000 அவர்க்கே உரியது. ஒரு நாள் பிந்தினால் முழு 60,000உம் கடன். அதற்கு ஆண்டுக்கு 5 வீத வட்டி. முதலை 2026 டிசெம்பர் 31க்குள் முடித்தல் வேண்டும். ஜனவரி 18க்குள் தமது வங்கியிலே மறுகடனுக்கு விண்ணப்பித்தவர்க்கு மாத்திரம் மார்ச் 28 வரை தவணை. எல்லோர்க்கும் ஒரே நாள். மூன்று மாதம் பூட்டியிருந்த கடைக்கும் பத்து மாதம் பூட்டியிருந்த முடிதிருத்தகத்துக்கும் அதே நாள். 2020 ஏப்பிரலிற் பணம் பெற்றவர்க்கும் டிசெம்பரிற் பெற்றவர்க்கும் அதே நாள்.

2023 இலையுதிர்காலத்தில் எம்மிடம் வந்த ஒவ்வொருவர்க்கும் நாம் ஒரே கணக்கைப் போட்டுக் காட்டினோம். வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளர்க்கு அறவிடும் வட்டி அப்போது 7.2 வீதம். அவ்வட்டிக்கு 40,000 கடன்பட்டால் ஆண்டுக்கு வட்டி 2,880 டொலர். கட்டாது விட்டால் 60,000க்கு 5 வீதப்படி வட்டி 3,000 டொலர். அதாவது, வட்டி வீதம் உயர்ந்த வெளிக்கடனே மலிவு. அதன்மேல் 20,000 முதலும் தள்ளுபடி. எவரிடங் கடன்பட்டாயினும் நாளுக்குள் கட்டுங்கள் என்றோம். அரைவாசி வியாபாரத்தோடு தத்தளித்த நகைக்கடைக்காரர் தம் வீட்டை ஈடுவைத்து 40,000 பெற்று, ஜனவரி முதல் வாரத்திற் கட்டி, 20,000ஐத் தமதாக்கிக்கொண்டார். தையற்காரர்க்கு ஈடுவைக்க வீடில்லை. அவர் வாடகை வீட்டிற் குடியிருந்தார். வங்கி மறுத்தது. வீடுடையார்க்கு 20,000 நன்கொடையாயிற்று. வீடில்லார்க்கு அதே 20,000 கடனாய் நின்றது. உதவித் திட்டமொன்றின் நன்மை, உதவி அதிகம் வேண்டாதவனிடம் போய்ச் சேருமாறு எவரும் மனமறிந்து திட்டமிட்டிரார். ஆயினும் அதுவே நடந்தது.

வரிச் சட்டத்தின் விந்தையொன்றும் இதில் உண்டு. தள்ளுபடியாகக்கூடிய தொகையைக் கடன் பெற்ற ஆண்டின் வருமானமாகவே கொள்வது வருவாய் முகவரகத்தின் முறை. தள்ளுபடி உண்மையிற் கிடைக்குமா என்பது மூன்று ஆண்டுகளின் பின்னரே தெரியும். வரியோ முதல் ஆண்டிலேயே. ஒன்ராறியோவிற் சிறிய கம்பனியொன்றுக்கு வருமான வரி 12.2 வீதமாதலால், 20,000க்கு 2,440 டொலர். தையற்காரர் கம்பனியல்லர், அவர்க்கு அது சொந்த வருமானத்தோடு கூடியது. நான்கு வாரத்துக்கு 2,000 வீதம் வாங்கிய உதவிக்கும் முன்கூட்டி வரி பிடிக்கப்படாமையால், 2021 வசந்தத்தில் அவர் வீட்டுக்கு வந்த வரிச்சீட்டில் இரண்டுஞ் சேர்ந்தே இருந்தன. அரசு அவ்வாண்டு வரிக்கு 2022 ஏப்பிரல் 30 வரை வட்டியில்லாத் தவணை கொடுத்தமையால் அதனை ஒருவாறு கட்டி முடித்தார். பெறாத தள்ளுபடிக்குக் கட்டிய அவ்வரி வீணாகாது. தொகையைத் திருப்பிக் கட்டும் ஆண்டில் அதனை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் கழிப்பதற்கு அவ்வாண்டில் வருமானம் இருத்தல் வேண்டும் அல்லவா?

நோயின் முதலிரண்டு ஆண்டுகளிற் கனடாவில் முறிவடைந்த வணிகங்களின் தொகை வழக்கத்திலும் குறைவாகவே இருந்தது. உதவிப் பணம் தாங்கி நின்றது. தாங்கிய கை விலகிய 2023இல் அத்தொகை பெருக உயர்ந்தது. ஸ்காபரோவிற் பெயர்ப்பலகை மாறிய கடைகளை நாமும் எண்ணிக்கொண்டிருந்தோம். வங்குரோத்துப் பட்டியலில் ஏறாமலே மூடியவை அவற்றுட் பல. தையற்கடையும் அவற்றுள் ஒன்று. ஒப்பந்தம் முடிந்ததும் சாவியை ஒப்படைத்துவிட்டு, இரு தையல் இயந்திரங்களையும் வாடகை வீட்டின் நிலவறைக்குக் கொண்டுசென்றனர். கலியாணங்கள் இப்போது முன்னிலும் மிகுதியாக நடக்கின்றன. இரவிக்கைக்கு ஆட்கள் தேடி வருகின்றனர். சீபாக் கடனுக்கு மாதவட்டியாக 250 டொலர் வங்கியிலிருந்து கழிகின்றது. அது கழிவது அவர் வணிகத்துக்கென்று 2020இல் முதன்முதலாகத் திறந்த தனிக் கணக்கிலிருந்து.